ஏழு பேர்ச்சில் மலக்குழிக்கு இடம் எங்கே?

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் காணி 1,905 சதுர அடிக்குச் சற்று மேல். அதைச் சதுரமாக அளந்து கல் நட்டால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 62 அடி. மலசலகூடத்து உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் இடையில் இலங்கையில் பொதுவாகக் கேட்கப்படும் இடைவெளி 50 முதல் 60 அடி. ஆகவே பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் ஏழு பேர்ச் பெற்ற குடும்பம் காணியின் ஒரு மூலையில் குழியை வெட்டினால், எதிர் மூலையைத் தவிர வேறெங்கும் கிணறு வெட்ட முடியாது. அந்த எதிர் மூலைக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரரின் குழி இருக்கும்.

சிறு காணியில் செப்டிக் டேங்கிற்கு அனுமதி பெறுவதை ஒரு வீட்டுக்காரரின் தனிப்பட்ட சிக்கலாகப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். விண்ணப்பம் அவர் பெயரில், வரைபடம் அவர் காணிக்கு, கையெழுத்து அவர் வீட்டுக்கு. ஊவாவின் மலைச்சரிவில் கழிவுநீருக்கு எல்லைக்கல் தெரியாது. மேல் வீட்டில் மண்ணுக்குள் விட்ட நீர் கீழ் வீட்டின் பின்சுவரில் கசியும், அதற்கும் கீழே பீலியில் வரும் தண்ணீரோடு கலக்கும். காணி காணியாக அனுமதி கொடுக்கும் முறையே இங்கே பிழையானது என்பதுதான் என் துணிபு. சரிவு முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, ஒரே தடவையில் தீர்மானிக்க வேண்டிய விடயம் இது.

சட்டத்தின் கண்ணில் ஏழு பேர்ச் சிறிய காணியே இல்லை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, 1986 இல் வெளியிட்ட திட்டமிடல், கட்டட விதிகளில் குடியிருப்புக் காணிக்கு வைத்த பொதுவான கீழ் எல்லை 150 சதுர மீட்டர். அது ஏறத்தாழ ஆறு பேர்ச். ஏழு பேர்ச் 177 சதுர மீட்டர் என்பதால் அந்த அளவுகோலில் தேறிவிடுகிறது. வீடு காணியின் 65 சதவீதத்துக்கு மேல் மூடக் கூடாது, பின்புறம் 2.3 மீட்டர் திறந்த வெளி வேண்டும் என்று அந்த விதிகள் வைத்த நிபந்தனைகளும் 550 சதுர அடி வீட்டுக்கு இடைஞ்சல் தரவில்லை. இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளின் அளவு அதுதான். 1,905 இலிருந்து 550 ஐக் கழித்தால் 1,355 சதுர அடி மிஞ்சும். காகிதத்தில் அது தாராளமான இடம்.

இந்த அளவுகள் நகரத்துச் சமதரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ நிலம் படுத்திருப்பதில்லை. 25 பாகைச் சரிவில் 44 அடி நீளக் காணியின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே 20 அடி உயர வேறுபாடு இருக்கும். அது இரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம். அதில் வீடு கட்ட வேண்டுமானால் மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்பக்கத்தில் நிரப்பி ஒரு தட்டு அமைக்க வேண்டும். வெட்டிய மண்சுவர் வீட்டுக்குப் பின்னால் நிற்கும். அதற்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், கான் வெட்ட வேண்டும். பக்கவாட்டில் படிக்கட்டு, நடைபாதை. 1,355 சதுர அடியில் மிஞ்சுவது முன்பக்கத்து ஒரு துண்டு நிலம் மட்டுமே.

குழி அங்கேதான் போகும். வேறு வழியில்லை. ஆனால் அந்த முன்பக்கத் துண்டு புதிதாகக் கொட்டி நிரப்பிய மண். அதன் விளிம்புக்குக் கீழே அடுத்த வரிசை வீட்டின் வெட்டிய மண்சுவர் தொடங்குகிறது. ஒருவருடைய உறிஞ்சுகுழி இன்னொருவருடைய பின்சுவரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. வரைபடத்தை மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு இது தெரியாது. பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் குறுக்குவெட்டு வரைபடத்தில்தான் தெரியும். ஒரு மாடி வீட்டின் கட்டட விண்ணப்பத்தோடு வருவதோ அந்த வீட்டின் குறுக்குவெட்டு மட்டும். மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் சேர்த்து வெட்டிக் காட்டும் படம் எந்தத் தனி விண்ணப்பத்திலும் இருக்காது.

மண்தான் பாதி வேலையைச் செய்கிறது

செப்டிக் டேங்க் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதில் நம்மிடையே பெரிய மயக்கம் இருக்கிறது. மூடிய தொட்டிக்குள் கழிவு ஒரு நாளாவது தங்கும்போது கனமானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் அடுத்த அறைக்குப் போய் வெளியேறும். காற்றில்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் படிந்த கசடில் ஒரு பகுதியைச் செரிக்கும். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்தது போலத் தோன்றினாலும் வயிற்றுப்போக்கு, தைபொய்ட், மஞ்சட் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் அதில் அழிந்திருக்காது. அவற்றை வடிகட்டி அழிக்கும் வேலை உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணுடையது. காற்றோட்டமுள்ள, நீர் தேங்காத மண் பல அடி ஆழத்துக்கு இருந்தால்தான் அது நடக்கும். பாறை மூன்றடியில் தட்டுப்பட்டாலும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடியைத் தொட்டாலும் சுத்திகரிப்பில் பாதி இல்லாமலே போய்விடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாட்டின் பல பகுதிகளில் செப்டிக் டேங்க் என்று வழங்கப்படுவது அடியில்லாத ஒற்றைக் குழி. சுற்றிலும் கல் அடுக்கி, மேலே கொங்கிறீட் மூடி போட்டது. தொட்டியும் உறிஞ்சுகுழியும் ஒன்றாகிவிட்ட அந்தக் குழியில் கசடு படிவதற்குத் தனி இடம் கிடையாது. மண்ணின் துளைகள் சில ஆண்டுகளில் அடைபட்டுவிடும். இலங்கைத் தர நிர்ணய நிறுவனத்தின் 745 ஆம் இலக்க நடைமுறைக் கோவை தொட்டியையும் நீரை மண்ணில் விடும் அமைப்பையும் இரண்டு தனித்தனி உறுப்புகளாகவே வகுத்திருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 500 லீட்டர் நீர் செலவழித்தால் அந்த ஒரு நாள் நீருக்கு 500 லீட்டர், ஆளுக்கு ஆண்டுக்கு 40 லீட்டர் வீதம் மூன்றாண்டுக் கசடுக்கு 600 லீட்டர் என்று கணக்கிட்டாலும் தொட்டி மட்டும் 1,100 லீட்டர் கொள்ள வேண்டும். அது பெரிய தொட்டி ஒன்றும் இல்லை, ஏழு பேர்ச்சில் தாராளமாக அடங்கும். அடங்காதது அதற்குப் பிறகு வரும் நீர்.

அந்த நீரின் அளவைப் பாருங்கள். நாளுக்கு 500 லீட்டரை 177 சதுர மீட்டர் காணியில் பரப்பினால் 2.8 மில்லிமீட்டர். ஆண்டுக்கு 1,030 மில்லிமீட்டர். பதுளையின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். அதாவது அந்தக் காணியின் மீது வானம் பெய்வதில் பாதிக்கும் அதிகமான நீரை வீட்டுக்காரர் நிலத்துக்குள் நேராக இறக்குகிறார். மழை நீரில் பெரும்பகுதி மேற்பரப்பில் ஓடிவிடும், கொஞ்சம் ஆவியாகும், புல்லும் செடியும் உறிஞ்சும். குழிக்குள் விட்ட நீர் அப்படியே ஆழத்தில் சேரும், கோடையிலும் நிற்காது. இதே சரிவில் 50 வீடுகள் என்றால் ஆண்டுக்கு 91 லட்சம் லீட்டர். தண்ணீர் பஞ்சமான தோட்டத்தில் ஆளுக்கு 100 லீட்டர் செலவாகாது என்று சிலர் சொல்லக்கூடும். இன்று அப்படியிருக்கலாம். வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு செலவு ஏறும், அந்தக் குழாய் வர வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய கோரிக்கை?

நீர் மண்ணில் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குழி இருக்கப்போகும் இடத்தில் ஒரு சிறு துளை வெட்டி, முதல் நாளே நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடமாகிறது என்று பார்ப்பது. எளிய சோதனை, செலவும் அதிகமில்லை. ஊவாவில் அதை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று காய்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் அந்தக் காய்ந்த மாதங்களின் கொழுந்தில்தான் பிறக்கிறது. அப்போது எந்த மண்ணும் நீரைக் குடித்துவிடும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வரும் மழையில் அதே மண் ஒரு சொட்டும் ஏற்காமல் இருக்கலாம். ஓகஸ்டில் எடுத்த அளவை வைத்து வழங்கும் அனுமதி நவம்பரில் பொய்த்துவிடும். நவம்பரில் சோதித்த முடிவைத்தான் ஏற்க வேண்டும் என்று ஊவா மாகாணத்தின் சுகாதாரத் துறை ஒரு வரி எழுதினால் போதும், பல வீடுகளின் முற்றம் நாறாமல் இருக்கும்.

இரண்டு அதிகாரிகள், இரண்டு சொற்கள்

கட்டட விண்ணப்பம் பிரதேச சபைக்குப் போகிறது. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தையும் வீதிக் கோட்டையும் பார்க்கிறார். பி.எச்.ஐ. என்று எல்லோரும் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழியையும் கிணற்றையும் பார்க்கிறார். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட 2011 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். பதுளை அந்த மாவட்டங்களில் முதல் வரிசையில் இருக்கிறது.

இங்கேதான் முரண்பாடு. கழிவுநீர் வெளியே ஓடக் கூடாது, உங்கள் காணிக்குள்ளேயே மண்ணில் இறங்க வேண்டும் என்பது சுகாதாரத்தின் நிலை. சரிவுக்குள் நீரை இறக்கக் கூடாது, கட்டுமானமுள்ள கான் வழியாகப் பாதுகாப்பான ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மண்சரிவுப் பொறியியலின் நிலை. இரண்டும் தத்தம் அளவில் சரி. மலையடிவாரங்களில் பழைய சரிவுகளின் மண்ணும் கல்லும் கலந்து தங்கியிருக்கும் தளர்ந்த படிவங்களில் நீர் சேரும்போது மண்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் வலு குறைகிறது. பெருமழை கடைசித் தள்ளலைக் கொடுக்கிறது. ஒரு குடும்பத்தின் குழி மலையைச் சரிக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி விழும். ஏற்கெனவே ஈரமான சரிவில் நூறு குழிகள் ஆண்டு முழுவதும் நீர் இறக்குவது சரிவுக்கு நல்லதல்ல என்பதை மறுக்கும் பொறியியலாளர் எவரும் இல்லை. இரண்டு அதிகாரிகளின் நிபந்தனைகளும் ஒரே காணியில் ஒன்றையொன்று மறுக்கும்போது அவற்றைப் பொருத்திப் பார்க்கும் கடமை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. அந்தச் சுமை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் போக இடமில்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் ஏழு பேர்ச் வீதம் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட இரண்டாண்டு பிடித்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்து லயன் வீடுகளை அழித்தது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் சரிவுகளை உடைத்து உயிர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் புதிய காணி தேடப்படுகிறது, அவசரமாக அளக்கப்படுகிறது. அந்த அவசரத்தில் வீட்டின் முகப்புக்கும் கூரைக்கும் கிடைக்கும் கவனம் குழிக்குக் கிடைப்பதில்லை.

தோட்டத்துக்குள் யார் அனுமதி கொடுப்பது?

தோட்டத்து மலசலகூடம் நூறாண்டு வழக்கு. 1916 இல் தொடங்கி சில ஆண்டுகள் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைச் செய்தது. மருந்து கொடுத்தால் புழு போனது. கக்கூஸ் இல்லாததால் வெறுங்காலோடு மலைக்குப் போனவர்களுக்குத் திரும்பவும் வந்தது. கக்கூஸ் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது மலிவு, குழி வெட்டுவது செலவு என்ற கணக்கு அப்போதே இருந்தது. அந்தக் கணக்கு இன்னும் முழுவதாக மாறிவிடவில்லை என்பதுதான் வேதனை.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நிலம் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆகவே ஒரு தோட்டத்துக் காணியைத் தொழிலாளிக்குப் பிரித்துக் கொடுக்க அரசு, கம்பனி, அமைச்சு என்று மூன்று பேரின் இசைவு தேவைப்படுகிறது. கொழுந்து நன்றாக வரும் மண்ணைக் கம்பனி விடாது, வீட்டுக்குக் கிடைப்பது பாறையும் பள்ளமுமான மூலை என்பது மலையகத்தில் பழைய குறை. அந்த மூலைகளில்தான் நாம் இப்போது மண்ணை நீர் குடிக்கச் சொல்கிறோம்.

பிரதேச சபைகளும் நெடுங்காலம் தோட்டத்துக்கு வெளியே நின்றன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடமில்லை என்றே வாசிக்கப்பட்டு வந்தது. வாக்களிக்கத் தோட்டம் வேண்டும், குப்பை அள்ளத் தோட்டம் வேண்டாம் என்ற நிலை. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் உருவானது. இவ்விரண்டுக்கும் முன்பிருந்தே பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வீடுகளையும் மலசலகூடங்களையும் கட்டி வந்தது. இப்போது ஒரு தோட்டத்து வீட்டின் குழியைப் பற்றிச் சொல்ல உரிமையுள்ளவர்கள் பலர். அந்தக் குழி நிரம்பிய பின் பொறுப்பேற்பவர் யாரென்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

திட்டத்தில் கட்டிய வீடு மொத்தமாக அனுமதி பெற்றுவிடும். சிக்கல் பிறகு வருகிறது. பிள்ளை வளர்ந்து இன்னோர் அறை வேண்டும், வங்கிக் கடன் எடுக்க வேண்டும், காணி உறுதி கைக்கு வந்த பிறகு தம் பெயரில் ஒரு முறையான வரைபடம் வேண்டும். அப்போது அந்தக் குடும்பம் முதன்முதலாகப் பிரதேச சபையின் படியேறுகிறது. புதிய அறை குழியின் மேல் வருகிறது என்று விண்ணப்பம் திரும்பி வரும். குழியை வேறிடத்துக்கு மாற்ற இடம் இல்லை. அனுமதி இல்லாமல் அறை எழும்பும். சபைக்குத் தெரியும், பி.எச்.ஐ. ஐயாவுக்கும் தெரியும். இடிக்கச் சொல்ல அவர்களுக்கும் மனம் வராது. ஒழுங்கை மீறியவர் என்ற பட்டம் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும்.

சிறு காணி என்று காரணம் காட்டி வீட்டையோ உறுதியையோ மறுப்பதை நான் எந்த வகையிலும் ஏற்கவில்லை. மறுத்தால் அந்தக் குடும்பங்கள் திரும்பிப் போவது நூறாண்டு பழைய லயனுக்கு. அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு கக்கூஸ், அதன் நீர் திறந்த கானில். ஏழு பேர்ச்சின் மோசமான குழிகூட அதைவிட மேல்.

தூரம் மட்டும் காப்பாற்றாது

பீலித் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தோட்டத்தில் கிணறு குறைவு. மேட்டில் ஊற்றைக் கட்டி, குழாய் போட்டு, பீலியில் விடுவார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடைவெளி கேட்கும் விதி, ஒரு வட்டம் வரைந்து பார்ப்பதுபோல எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தைக் கேட்கிறது. சரிவில் அப்படி இல்லை. ஊற்றுக்குக் கீழே 30 அடியில் உள்ள குழி ஊற்றுக்குக் கெடுதல் செய்யாமல் போகலாம். ஊற்றுக்கு மேலே 200 அடியில் உள்ள குழி அதைக் கெடுக்கலாம். வெடிப்புள்ள பாறை வழியாக நீர் எங்கே போய் எங்கே வரும் என்று மேற்பரப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. உமாஓயாத் திட்டத்துச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிப்போனதை அந்த ஊர் மக்கள் மறக்கவில்லை. பூமிக்கடியில் அந்த மலைகளின் நீர் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

புதிய திட்டங்களில் காணி 10 பேர்ச் ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல முடிவு. கணக்கு என்ன சொல்கிறது? 253 சதுர மீட்டர், ஒரு பக்கம் 52 அடி, மூலைக்கு மூலை 74 அடி. அதே 500 லீட்டர் ஆண்டுக்கு 720 மில்லிமீட்டராகக் குறைகிறது. குறைகிறதே தவிர, வெட்டிய மண்சுவரின் தலைமேல் குழி இருக்கும் அமைப்பு அப்படியே இருக்கிறது. மூன்று பேர்ச் கூட்டிக் கொடுத்ததால் குழிப் பிரச்சினை தீர்ந்தது என்று அமைச்சு நினைத்தால் அது தவறு.

தென் ஒஸ்திரேலியாவில் சிற்றூர்கள் இதே சங்கடத்தைச் சந்தித்தன. காணி சிறிது, மண் களிமண், நீர் இறங்கவில்லை, தெருவில் கழிவுநீர் ஓடியது. நகரத்துப் பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குப் பணமில்லை. 1962 இல் பின்னரூ என்ற ஊரில் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க் இருந்தபடியே இருக்கும். கசடு அங்கேயே தங்கும். தெளிந்த நீர் மட்டும் சிறு விட்டக் குழாய் வழியாக ஊருக்கு வெளியே ஒரு பொதுவான இடத்துக்குப் போகும். கசடு இல்லாததால் குழாய் சிறிதாக இருக்கலாம், ஆழமாகப் புதைக்க வேண்டாம், செலவு குறைவு. பிறகு அந்த மாநிலத்தின் பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

நம் தோட்டங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களுக்குச் சமதரை, பல இடங்களில் நீரைப் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். நமக்குச் சரிவே வேலையைச் செய்யும். 20 அல்லது 30 வீடுகளின் தெளிந்த நீரை மூடிய குழாயில் கீழே இறக்கி, சரளைக்கல்லும் நாணலும் கொண்ட ஒரு வடிகட்டுத் தடாகத்தில் விட்டு, அதன் பின் ஓடையில் சேர்க்கலாம். அப்போது பி.எச்.ஐ. கேட்பதும் நடக்கும், மண்சரிவுப் பொறியியலாளர் கேட்பதும் நடக்கும். 745 ஆம் இலக்கக் கோவையின் இரண்டாம் பகுதி மண்ணுக்குள் விடாத அமைப்புகளையும் பெரிய அமைப்புகளையும் பற்றியது. அனுமதிக்கான வாசல் ஏட்டில் திறந்தே இருக்கிறது. ஓடையில் விடும் நீரின் தரத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் வர்த்தமானி வரம்பும் இருக்கிறது. தேவைப்படுவது 20 வீட்டுக்கு ஒரு துண்டுக் காணி. குழி வெட்டிய பிறகு அந்தத் துண்டு கிடைக்காது. காணி அளக்கும் நாளில், முதல் எல்லைக்கல் நடும் முன், சரிவின் அடியில் அது ஒதுக்கப்பட வேண்டும்.

கசடையும் யாராவது அள்ள வேண்டும். மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்யாவிட்டால் எந்த அமைப்பும் நிற்காது. கசடை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் வரும் பாதையில்லாத சரிவில் 80 படி கீழே குழி வெட்டிவிட்டு அதை அனுமதிப்பது, நிரம்பிய நாளில் இருட்டிய பிறகு வாளியால் அள்ளி ஓடையில் கொட்ட அனுமதிப்பதாகும். பவுசரின் குழாய் எட்டாத தொட்டிக்குக் கையெழுத்திடக் கூடாது என்று சபைகள் தீர்மானிக்கலாம். அதற்கு முன் பவுசரையும் கொட்டும் இடத்தையும் சபைகள் தயார் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2014 இல் கழிவுக்கசடு மேலாண்மைக்கு நடைமுறை வழிகாட்டி வெளியிட்டது. கோயம்புத்தூர் அருகே பெரியநாயக்கன்பாளையத்தில் சிறு பேரூராட்சிகளுக்காகக் கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. பெரிய நகரம் ஆகும் வரை காத்திருக்காமல் சிற்றூர்களும் சேர்ந்து ஒன்றை நடத்த முடியும். பதுளை, ஹாலிஎல, பசறை சபைகள் கூட்டாகச் செய்யக்கூடிய வேலை இது.

பதுளை நகரத்தைச் சுற்றியும் பண்டாரவளையிலும் ஆறு, ஏழு பேர்ச் துண்டு வாங்கும் ஆசிரியர்களும் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களும் இப்போது அதிகம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் முன் காணிப் பிரிப்பு வரைபடத்தில் சபையின் அங்கீகாரம் இருக்கிறதா, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் சரிவைப் பற்றி என்ன சொல்கிறது, அடுத்த காணிகளின் கிணறும் குழியும் எங்கே என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய் அந்த மண்ணில் நின்று பாருங்கள். தரகர் வெயில் காலத்தில்தான் காட்டுவார்.

திட்வாவுக்குப் பிறகு பதுளை மாவட்டத்தில் மீள்குடியேற்றத்துக்காகக் காணிகள் அளக்கப்படவுள்ளன. நில அளவையாளர்களுக்கும் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக் காணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் அந்தச் சரிவின் கழிவுநீர் இறங்கி முடியும் துண்டை வரைபடத்தில் குறித்து வையுங்கள். சுகாதாரமும் மண்சரிவும் ஒரே மேசையில், ஒரே தாளில், சரிவு முழுவதற்கும் ஒரே அனுமதியாகக் கையெழுத்திடட்டும். அந்தத் துண்டு இல்லாத வரைபடத்தை எந்தச் சபையும் அங்கீகரிக்க வேண்டாம்.